குலுக்காமல் குடித்த பதினான்கு வேளை

மயிலாப்பூர்,
1949-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை,
காலை 6 மணி 40 நிமிடம்.
(தமிழ்த் தேதி விஷயத்தில் வீட்டிலுள்ள இரண்டு பஞ்சாங்கங்களும் ஒத்துப்போகாததால் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.)

கடித எண்: 3/1949
பொருள்: வருகிற வியாழக்கிழமை நீ பம்பாய்க்குப் புறப்பட இருப்பது.
பார்வை: (அ) மாடிப்படிக் கைப்பிடியில் ஈரத் துண்டு உலர்த்துவது பற்றிய எனது கடிதம் எண் 1/1949. (ஆ) என் குடையைக் கேளாமல் எடுத்துச் சென்றது பற்றிய எனது கடிதம் எண் 2/1949. இரண்டுக்கும் இன்றுவரை உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

சிரஞ்சீவி ரகுவுக்கு, நீ நீண்ட ஆயுளுடனும் நல்ல ஜீரணத்துடனும் விளங்க வேண்டுகிறேன்.

நீ மாடியில் இருக்கிறாய். நான் கீழே கூடத்தில் மேஜையின் முன் அமர்ந்திருக்கிறேன். நம் இருவருக்கும் நடுவே பதினேழு படிகள் மட்டுமே உள்ளன. பதினேழு படிகளுக்காக ஒரு கடிதமா என்று நீ கேட்பாய். நேரில் சொன்னால், மூன்றாவது வாக்கியத்தில் நீ ஒரு கேள்வி கேட்பாய். நான் அதற்குப் பதில் சொல்லப் போய், சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்துவிடுவேன். கூண்டில் ஏறி உனக்குப் பதில் சொன்ன அனுபவம் எனக்கு ஒருமுறை போதும். காகிதத்தை எந்த வக்கீலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. மேலும், நேற்று மாலை 5 மணி 10 நிமிடத்துக்கு உன் தாய் காபியை மேஜைமேல் வைத்துவிட்டு, "நாளைக்குள்ள நீங்களா அவன்கிட்ட சொல்லிடுங்கோ. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள். அவள் சொன்னால் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவாள். தேதிகள் எல்லாம் விட்டுப்போகும்.

விஷயம் இதுதான். சென்ற ஜூன் மாதம் 22-ஆம் தேதி புதன்கிழமை, எழும்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், கம்பவுண்டர் மாணிக்கத்தின்மேல் நான் கொடுத்திருந்த பிராது உன்னால் தள்ளுபடியாயிற்று. அன்று மாலையே நீ உன் கறுப்பு அங்கியை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாய். 26-ஆம் தேதி பம்பாயிலுள்ள மருந்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு எழுதினாய். அவர்களும் காலம் தாழ்த்தாமல் வரச்சொல்லி எழுதிவிட்டார்கள். சட்டத்தை விட்டுவிடுவதற்கு நீ உன் தாயிடம் சொன்ன காரணத்தை அவள் எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "அப்பாவைக் கூண்டுல நிக்க வெச்சு, நாலு பேர் சிரிக்கும்படி பண்ணிட்டேன். அப்படி ஒரு தொழில் எனக்கு வேண்டாம்மா." ரகு, அந்தக் காரணம் பிழையானது. அது பிழை என்பதற்கான சாட்சியம் என்னிடம் இருக்கிறது. அதை நான் இருபத்தெட்டு நாட்களாக மறைத்து வைத்திருக்கிறேன். எதையும் வரிசைப்படி சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஆகவே ஆரம்பத்திலிருந்து சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்.

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீ இன்டர்மீடியட் தேறியபோது, உன்னைக் காசிக்கு அனுப்பி மருந்தாக்கப் படிப்பில் சேர்த்தவன் நான். தேசத்துக்கு நல்ல மருந்து செய்பவர்கள் தேவை என்று உறவினர்களிடம் கூறினேன். அது முழு உண்மை அன்று. தேசத்தைவிட என் வயிறே அந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்கப் பதிவேட்டுப் பிரிவில் நாற்காலியைவிட்டு எழாமல் வேலை பார்த்தவனுக்கு வயிறு எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும். வீட்டிலேயே மருந்து தெரிந்தவன் ஒருவன் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். இது என் முதல் ஒப்புதல். மூன்று ஆண்டுகள் நீ அந்தக் குளிரில் நடுங்கிப் படித்துப் பட்டம் பெற்று வந்தாய். கிண்டிப் பக்கம் ஒரு மருந்துச்சாலையில் பரிசோதகனாக அமர்ந்தாய். எனக்கு வேண்டிய ஜீரண மருந்துகளெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. உலகம் சரியாக அமைந்துவிட்டது என்றே நான் எண்ணியிருந்தேன்.

1946-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி திங்கட்கிழமை, நீ சட்டக் கல்லூரியில் சேரப்போவதாகச் சொன்னாய். உன் மருந்துச்சாலை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உன்னைச் சாட்சியாக அழைத்திருந்தார்களாம். தைலத்துக்கும் கஷாயத்துக்கும் வேறுபாடு தெரியாத இரு வக்கீல்கள் உன்னை ஒரு பகல் முழுவதும் கேள்வி கேட்டார்களாம். "மருந்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் ஒருத்தனாவது கோர்ட்டுல இருக்கணும்பா" என்றாய். நான் உனக்கு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற பழமொழியைச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் சொன்னேன். அவ்வளவு நேரமும் நீ குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, மறுநாள் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் உன்மீது மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அறிகுறிகள் முன்பே இருந்தன. உனக்கு ஒன்பது வயதாகும்போது என் மேஜையிலிருந்து மையொற்றும் தாளை எடுத்து, அதில் பால்காரனுடைய பாலை ஒரு சொட்டு விட்டு, தண்ணீர் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அவனுக்கே அளந்து காட்டினாய். பிறகு உன் தாயை நடுவராக நிறுத்தி அவனை விசாரித்தாய். அவன் என்னைப் பார்த்து, "இன்னா நைனா, பால் ஊத்த வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தத் தாளில் மருந்தாக்கமும் இருந்தது, சட்டமும் இருந்தது. நான் கவனித்ததோ மையொற்றும் தாள் வீணானதை மட்டுமே.

அன்று நான் ஒரு பிரதிக்ஞை செய்துகொண்டேன். நீ மருந்தை விட்டவன். ஆகவே மருந்து பற்றி உன்னைக் கேட்பதில்லை. சட்டத்தில் நீ அரைவேக்காடு. ஆகவே சட்டம் பற்றியும் உன்னைக் கேட்பதில்லை. இவ்விரு விஷயங்களையும் கற்ற ஒருவனைத் தலைக்குமேல் மாடியில் குடிவைத்துக்கொண்டு, இரண்டிலும் ஒருசேர இடறி விழுந்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இவ்வாண்டு பிப்ரவரி மாதம் 6-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தியாகராய நகரில் என் பழைய சகா ஒருவரின் மகளுக்கு விவாகம். அங்கே பருப்புப் பாயசத்தை நான் இருமுறை கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை அவர்களாகவே ஊற்றினார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல. மறுநாள் விடியும்போது நான் இருந்த நிலையை விவரிப்பது இக்கடிதத்தின் தரத்துக்கு ஏற்றதன்று. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு மந்தைவெளிக்குப் போகும் வழியிலுள்ள மாணிக்கத்தின் கடைக்குச் சென்றேன். அவர் இருபது ஆண்டுகள் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சொந்தமாகக் கடை வைத்தவர். சீமைச் சுண்ணமும் பிஸ்மத்தும் சேர்ந்த மருந்தைக் கலந்து, புட்டியின் பக்கவாட்டில் அளவு காட்டுவதற்காக வேளைக்கு ஒரு பல்லாக எட்டுப் பல் வெட்டிய காகிதத்தை ஒட்டி, முன்புறத்தில் தம் கடைச் சீட்டையும் ஒட்டிக் கொடுத்தார்.

இனி நான் செய்ததைக் கவனி. வீட்டுக்கு வந்ததும், வழக்கம்போல் என்னுடைய சீட்டு ஒன்றைத் தயாரித்தேன். மருந்தின் பெயர், வாங்கிய தேதி, மணி, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம், அதில் என் சுருக்கொப்பத்துக்கு இடம். எல்லாம் கோடு போட்டு, கோந்து தடவி, புட்டியின் முன்புறம் ஒட்டினேன். கடைச் சீட்டு கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. அது என் கண்ணை உறுத்தியது. அதன் மேலேயே, அதை முற்றிலும் மறைக்கும்படி, நேராக ஒட்டினேன். பிறகு நம் வீட்டில் ரசம் எப்படிப் பரிமாறப்படுகிறதோ அப்படியே அந்த மருந்தையும் குடித்தேன். புட்டியை அசைக்காமல் எடுத்து, சாய்த்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து அருந்தினேன். ஏழு வேளைக்குத் தெளிவு வந்தது. அதற்குமேல் வெள்ளையாக மண்டி. குணம் இல்லை. 9-ஆம் தேதி மாலை மறுபடியும் ஒரு புட்டி வாங்கினேன். அதற்கும் ஒரு சீட்டு. அதிலும் ஏழு வேளை. 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை புட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடை வெள்ளைச் சேறு. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பை மருந்தென்று விற்றிருக்கிறான் என்று முடிவு செய்தேன். புட்டியின் வாயை அரக்கு வைத்து முத்திரையிட்டேன். 21-ஆம் தேதி திங்கட்கிழமை, என் கையாலேயே ஒன்பது பக்கப் பிராது எழுதிக் கோர்ட்டில் கொடுத்தேன். கலப்பட மருந்து விற்ற குற்றம். அந்தக் கடை மூடப்பட வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

நீ மார்ச்சு மாதம் வக்கீலாகப் பதிவானாய். ஏப்ரல் 4-ஆம் தேதி மாலை, லஸ்ஸிலுள்ள உன் சீனியர் வீட்டிலிருந்து வந்து, என் எதிரே நின்றாய்.

"அப்பா, சீனியர் எனக்கு முதல் கேஸ் குடுத்திருக்கார். மருந்து சமாசாரம்கறதால நீயே நடத்துன்னுட்டார்."

"யார் கட்சி?" என்றேன்.

"கம்பவுண்டர் மாணிக்கம். எதிர்க்கட்சி நீங்க. உங்களுக்கு ஆட்சேபம்னா நான் எடுத்துக்கலை."

எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். உண்மையில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அரைவேக்காட்டை எதிர்த்து வெல்வது எளிது என்று நினைத்தேன். சமையலறையிலிருந்து உன் தாய், "ஒரே ஆத்துல ரெண்டு கட்சியா? அப்போ குழம்பு ஒண்ணு போறுமோ, தனித்தனியா வைக்கணுமோ?" என்று கேட்டாள். வழக்கு முடியும்வரை அதைப்பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று நான் விதி செய்தேன். பதினோரு வாரங்கள் நாம் உப்பு, மோர், தபால் ஆகிய மூன்றைப்பற்றி மட்டுமே பேசினோம். வழக்கு நடந்த அன்று இருவரும் ஒரே டிராமில், வெவ்வேறு பலகையில் உட்கார்ந்து போனோம். உன் தாய் தயிர்ச்சாதத்தை ஒரே தூக்கில் கட்டிக் கொடுத்திருந்தாள். மத்தியான இடைவேளையில் பிராதுக்காரனும் எதிரியின் வக்கீலும் ஒரே தூக்கிலிருந்து சாப்பிடுவதைக் கோர்ட்டுக் குமாஸ்தா நின்று பார்த்தார். மாவடுவில் பெரியதை நீ என் பக்கம் தள்ளினாய். 2 மணி 35 நிமிடத்துக்கு என்னைக் கூண்டில் ஏற்றினாய்.

அங்கே நடந்ததை நீ அறிவாய். ஆனால் கூண்டுக்கு உள்ளிருந்து அது எப்படி இருந்தது என்பதை நீ அறியமாட்டாய். முதலில் என் வயதை அறுபத்திரண்டு என்றாய். அறுபத்தொரு வருஷமும் ஒன்பது மாதமும் என்று திருத்தினேன். நீ தலைவணங்கி ஏற்றுக்கொண்டாய். அதுவே உன் தந்திரம் என்று இப்போது தெரிகிறது. திருத்துவதற்கு ஒன்றைக் கொடுத்துவிட்டால் நான் உற்சாகமாகிவிடுவேன் என்பதை உன்னைப்போல் அறிந்த வக்கீல் வேறு யார்? பிறகு கேட்டாய்: "சாட்சி அவர்கள் தம் வீட்டில் ரசத்தை எவ்விதம் அருந்துவது வழக்கம்?"

நான் மாஜிஸ்திரேட்டை நோக்கி, வழக்குக்குச் சம்பந்தமற்ற கேள்வி என்று ஆட்சேபித்தேன். அவர் சற்று யோசித்து, "சொல்லலாமே, எனக்கும் கேட்க வேண்டும்போல் இருக்கிறது" என்றார்.

"தெளிவாக அருந்துவேன்" என்றேன்.

"கலக்கியதுண்டா?"

"ஒருபோதும் இல்லை. கலக்கினால் அது ரசமே அல்ல."

"அடியில் தங்கும் பருப்பும் மண்டியும் என்ன ஆகும்?"

"அதை வேறு யாரேனும் சாப்பிடுவார்கள்."

"யார்?"

நான் ஒரு கணம் நின்றேன். "என் மனைவி" என்றேன்.

அந்த ஒரு கணத்தைப்பற்றி நான் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். உனக்கு விவாகம் ஆகும்போது இதை நினைவில் வைத்துக்கொள். முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் மேலே உள்ள தெளிவைக் குடித்திருக்கிறேன். சத்து முழுவதும் அவளுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு இதுவரை ஒருநாளும் வயிற்று உபாதை வந்ததில்லை.

பிறகு நீ அந்த அரக்கு முத்திரையை உடைக்க அனுமதி கேட்டாய். புட்டியைக் கையில் வாங்கி நாலு குலுக்குக் குலுக்கினாய். சேறு என்று நான் ஒன்பது பக்கம் எழுதியிருந்தது ஒரே நிமிடத்தில் பால்போல ஆயிற்று. சுண்ணமும் பிஸ்மத்தும் தண்ணீரில் கரையாத பொருள்கள், எந்தக் கம்பவுண்டர் எவ்வளவு நேர்மையாகக் கலந்தாலும் அவை அடியில்தான் படியும், அந்தப் படிவுதான் மருந்து என்று நீ கோர்ட்டாருக்கு எடுத்துச் சொன்னாய். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. கடைசியில் சேவகனிடம் ஈரத்துணி வாங்கி, என் சீட்டை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்தாய். கிழியாமல் உரித்தாய், அதற்காக நான் உனக்கு நன்றி சொல்லவேண்டும், நல்ல காகிதம் அது. அடியிலிருந்து மாணிக்கத்தின் கோணல் சீட்டு வெளிவந்தது. "நன்றாகக் குலுக்கிய பின் அருந்தவும்" என்று படித்தாய். கோர்ட்டு சிரித்தது. மாஜிஸ்திரேட் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஜலதோஷம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் மாணிக்கம் என்னிடம் வந்தார். நான் விலகிப் போகப் பார்த்தேன். அவர் வழிமறித்து, "இன்னா சாமி, மருந்த ஆட்டாம குட்சிட்டு, நாலு மாசமா என்னைப் போட்டு ஆட்டிட்டியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. நீ அப்போது டிராமுக்குப் போய்விட்டாய். திரும்பி வரும்போதும் தனிப் பலகையில்தான் உட்கார்ந்தாய். ஆனால் காலையில் நாம் பேசாமல் வந்ததும் மாலையில் பேசாமல் வந்ததும் ஒன்றல்ல.

இனி நான் மறைத்து வைத்திருந்தது.

ஜூன் மாதம் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதாவது விசாரணைக்குப் பத்து நாள் முன்பு, உன் தாய் பரணைச் சுத்தம் செய்தாள். முதலில் வாங்கிய மருந்துப் புட்டி அங்கே கிடந்தது. நல்லெண்ணெய் ஊற்றி வைக்க உதவும் என்று அதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள். காலை 11 மணிக்கு அந்தப் புட்டியை ஈரம் சொட்டச்சொட்ட என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். "உங்க சீட்டு கழண்டுடுத்து. அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு. ஏதோ குலுக்கணும்னு போட்டிருக்கானே" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன். எழுத்து சிறியது என்றோ, மை மங்கியது என்றோ சொல்ல வழியில்லை. மாணிக்கத்தின் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஆம், ரகு. நீ அதைக் கண்டுபிடிப்பதற்குப் பத்து நாள் முன்பே நான் அறிந்திருந்தேன். உன் தாயிடம் யாருக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "மாணிக்கத்துக்குக் கடைதானே எல்லாம்? நாளைக்கே போய் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்கோ" என்றாள். அன்றே பிராதை வாபஸ் பெறும் மனுவை எழுதினேன். தேதியிட்டேன், கையொப்பமிட்டேன், நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பத்து நாட்களிலும் அந்தப் பத்திரம் பையிலேயே இருந்தது. 22-ஆம் தேதி நான் அணிந்து வந்ததும் அதே கோட்டுதான். நீ ரசத்தைப்பற்றிக் கேட்டபோது அந்த மனு என் இடது மார்பின்மேல் இருந்தது. கையை உள்ளே விட்டு எடுத்து நீட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஏன் எடுக்கவில்லை என்று நீ கேட்பாய். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். பாதி, வறட்டு கௌரவம். முப்பத்திரண்டு ஆண்டு உத்தியோகத்தில் ஒரு தேதி தவறாதவன், ஒரு புட்டியைக் குலுக்கத் தவறினேன் என்று எழுத்தில் கொடுப்பதா என்ற எண்ணம். மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ கண்டுபிடிக்கிறாயா என்று பார்க்க விரும்பினேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நான் சொன்னவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்க விரும்பினேன். ஒரு மனிதருடைய பிழைப்பைப் பணயமாக வைத்து என் மகனுக்குப் பரீட்சை நடத்தினேன். நீ கண்டுபிடிக்காமல் போயிருந்தால் நான் அந்த மனுவை எடுத்திருப்பேனா என்பது எனக்கு இன்றும் தெரியாது. எடுத்திருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே நீ உன் தகப்பனை அவமானப்படுத்தியதாக நினைப்பதற்கு ஆதாரம் இல்லை. என் மானத்தைக் கெடுத்தது என் கோட்டுப் பையில் இருந்தது. சிரிப்போடு போயிற்றே என்றுதான் நான் ஆறுதல் அடைய வேண்டும். நீ மருந்தாக்கம் மட்டும் படித்திருந்தால், புட்டியைப் பார்த்த மாத்திரத்தில் உனக்கு விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் வீட்டில் என்னைக் கேட்டிருப்பாய், நான் விதியைச் சொல்லி உன் வாயை அடைத்திருப்பேன். சட்டம் மட்டும் படித்திருந்தால், என் ஒன்பது பக்கத்துக்குப் பதிலாகப் பதினெட்டுப் பக்கம் எழுதியிருப்பாய். புட்டியைக் குலுக்கிப் பார்க்க உனக்குத் தோன்றியிராது. 1946-இல் நான் ஒன்றரை மணி நேரம் பேசியது தவறு. அதைப் பதிவிலிருந்து நீக்கிக்கொள்.

இம்மாதம் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மாணிக்கத்தின் வீட்டுக்குப் போனேன். அடையாற்றங்கரையில் ஒரு சிறு ஓட்டு வீடு. அவரிடமும் இந்த விஷயத்தைச் சொன்னேன். வாபஸ் மனுவைக் காட்டினேன். அவர் அதை விரித்து இருமுறை படித்தார். அவருடைய மனைவி உள்ளிருந்து வந்து, "ஏன்யா, தெரிஞ்சிக்கினே கோர்ட்டுக்கு வந்தியா நீ?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் எனக்கு வைத்த டீயைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது நியாயமே. நான் எழுந்தபோது மாணிக்கம் வாசல்வரை வந்தார்.

"உங்க கணக்கு உங்களோட இர்க்கட்டும் சாமி, அத்த வுடு. புள்ள பம்பாய்க்குப் போறார்னு கேட்டேன், நெசமா?"

உண்மை என்றேன்.

"போவ சொல்லாதே. மருந்துக்குன்னு புச்சு புச்சா சட்டம் போட்னே கீறாங்க. பாரத்த பூர்த்தி பண்ணு, பேர பதிவு பண்ணு, இல்லாங்காட்டி கடைய மூடுன்றாங்க. எங்களுக்கு மருந்து தெரியும், சட்டம் தெரியாது. வக்கீலாண்ட போனா அவருக்குச் சட்டம் தெரியுது, மருந்து தெரியல. ரெண்டும் தெரிஞ்சவரு இவரு ஒர்த்தர்தான் கீறாரு. அவரயும் ரயில் ஏத்தி வுட்டா நாங்க யார்ட்ட போறது?"

நான் மூன்று ஆண்டுகளாகப் புரிந்துகொள்ளாததை அவர் வாசலில் செருப்பு மாட்டும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். அவர் என்னிடம் கொடுத்தனுப்பியதை இத்துடன் இணைத்திருக்கிறேன். அன்றே உன்னிடம் கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொடுத்தால் இதையும் சொல்லவேண்டி வருமே என்று ஏழு நாட்கள் தாமதித்தேன். இது என் கடைசி ஒப்புதல். எண்ணிக்கையில் ஏதேனும் விட்டுப்போயிருந்தால் உன் தாய் பூர்த்தி செய்வாள்.

ஒரு தகப்பன் கடிதம் எழுதினால் புத்திமதியும் இருக்கவேண்டும் என்பது முறை, சுருக்கமாகச் சொல்லுகிறேன். எவருடைய எழுத்தின்மேலும் உன் எழுத்தை ஒட்டாதே; உன்னுடையது எவ்வளவு நேராக இருந்தாலும் ஒட்டாதே. சாட்சியின் வயதைத் தப்பாகச் சொல்லும் அந்த உபாயத்தை என்னைப்போன்றவர்களிடம் மட்டும் பிரயோகி, எல்லோரும் திருத்தமாட்டார்கள். வெறும் வயிற்றோடு கோர்ட்டுக்குப் போகாதே. உன் கட்சிக்காரன் பையில் என்ன காகிதம் வைத்திருக்கிறான் என்று முதலிலேயே கேட்டுவிடு. எதிர்க்கட்சியின் பையில் என்ன இருக்கிறது என்றும் சற்று யோசி. உன் தாய் அன்று முதல் ரசத்தைக் கலக்கித்தான் எனக்கு ஊற்றுகிறாள். முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. இப்போது பழகிக்கொண்டு வருகிறேன்; சுவை மோசமில்லை, ஆனால் இதை அவளிடம் சொல்லவேண்டாம்.

பம்பாய் வேலை நல்ல வேலை. உனக்கு அங்கே மருந்தின்மேல் உண்மையான விருப்பம் இருந்து நீ போவதானால், நான் ஸ்டேஷனுக்கு வந்து உன் பெட்டியை ஏற்றுவேன். ரயில் எண், பெட்டி எண் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் என்னைக் காரணமாகக் காட்டிப் போகாதே. அந்தக் காரணம் 10-7-1949 காலையோடு ரத்தாகிவிட்டது. இப்போது மணி 9.25. இடையில் ஒருமுறை காபிக்காக எழுந்தேன். உன் தாய் இக்கடிதத்தை மாடிக்குக் கொண்டுவருவாள். படித்து முடிக்க உனக்கு இருபது நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். அதன்பின் நான் கூடத்தில்தான் இருப்பேன். நீ கேள்வி கேட்கலாம்.

இங்ஙனம்,
உன்னைப் பெற்றவன்.

இணைப்புகள்:

1. பிராதை வாபஸ் பெறும் மனு, நாள் 12-6-1949, ஒரு தாள், நான்காக மடித்தது. வியர்வையால் ஓர் ஓரம் கலங்கியுள்ளது; தேதி தெளிவாக இருக்கிறது.

2. முதற்புட்டியின் சீட்டுகள் இரண்டு: என்னுடையது ஒன்று, மாணிக்கத்தினுடையது ஒன்று.

3. மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு பகுதிக் கம்பவுண்டர்கள் பதினொருவர் கையொப்பமிட்டு, தங்களுக்குச் சட்ட ஆலோசனை வேண்டி உனக்கு எழுதியது. என்னிடம் வந்த நாள் 3-7-1949.

4. உன் கறுப்பு அங்கி. இஸ்திரி போட்டது. கடிதத்துடன் வைக்க முடியாததால் உன் தாய் கையில் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

5. வக்காலத்துப் பத்திரம் ஒன்று, உன்னை என் வக்கீலாக நியமித்து நான் கையொப்பமிட்டது. எதிர்க்கட்சிக்காரரின் பெயருக்கு உரிய இடம் மட்டும் இப்போதைக்கு வெறுமையாக இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை இந்த ஊரில் அதற்கு யாரேனும் ஒருவர் கிடைத்துக்கொண்டே இருப்பார்.